தனி மனு ஏழு, கூட்டு மனு ஒன்று: ஆட்டிசம் உள்ளவர்களுக்கான சேவையை நம் வட்டாரத்திலேயே மேம்படுத்துவது எப்படி?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கொண்டுவரும் மனுக்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "என் மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வரவில்லை." "என் மகளைப் பள்ளியில் சேர்க்கத் தயங்குகிறார்கள்." "பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை 40 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது." ஒவ்வொரு மனுவும் தனியாகப் பதிவாகும், தனி எண் விழும், தனியாக ஒரு மேசைக்குப் போகும். தீர்வு வந்தால் அந்த ஒரு குழந்தைக்கு வரும். அடுத்த மாதம் அதே ஒன்றியத்திலிருந்து இன்னொரு அம்மா அதே மனுவோடு அதே வரிசையில் நிற்பார்.

இதையே கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். ஒரே ஒன்றியத்தைச் சேர்ந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து வருகின்றன. கையில் ஒரே ஒரு மனு. "எங்கள் ஒன்றியத்தில் ஏழு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் நிலுவையில் உள்ளது. ஏழு பேருக்கும் ஒரே இடத்தில்தான் தடை. மருத்துவரும் உளவியலாளரும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. எங்கள் ஒன்றியத் தலைமையிடத்தில் ஒரு நாள் முகாம் போட்டுத் தர முடியுமா?" இப்போது அதிகாரி முன்னால் இருப்பது ஒரு சேவைக் குறைபாடு. அதைச் சரிசெய்தால் இந்த ஏழு பேரோடு, இன்னும் மனுவே எழுதாத குடும்பங்களுக்கும் வழி பிறக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கூட்டு மனுவைப் பற்றியது. அதை எழுதுவதற்கு முன்னால் வேண்டியிருக்கிற கூட்டத்தைப் பற்றியது.

முதலில் பெயர் பற்றி ஒரு வார்த்தை

பழைய அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பார்த்திருப்பீர்கள். பத்திரிகைகளில் 'மதி இறுக்கம்', 'மன இறுக்கம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெற்றோர் எல்லாருமே சொல்வது ஆட்டிசம்தான். நானும் அதையே எழுதுகிறேன். மூன்று வீடு தள்ளிக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளையைப் 'புற உலகச் சிந்தனை அற்றவர்' என்று சொல்வது எப்படிச் சரியாகும்? புற உலகம் அந்தப் பிள்ளைக்கு நம்மைவிட அதிகமாகவே வந்து மோதுகிறது என்பதுதான் பல நேரங்களில் உண்மை. ஒலி, வெளிச்சம், கூட்டம், திடீர் மாற்றம் இவையெல்லாம் பெரும் சுமையாக இருக்கலாம். பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு மாதிரி இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலருக்கு வாய்ப்பேச்சே வராது. இது நோயல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. வளர்ப்பு சரியில்லாததால் வருவதும் இல்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. அலுவலகத்தில் படிவம் தேடும்போது மூன்று பெயரும் தெரிந்திருந்தால்தான் சரியான மேசையைக் கண்டுபிடிக்க முடியும்.

சட்டத்தில் இடம் பிடித்ததே ஒரு கூட்டு முயற்சிதான்

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. சான்றிதழ் கேட்டுப் போன குடும்பங்களுக்கு அன்று படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. டெல்லியில் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-ல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பும் மற்ற பெற்றோர் அமைப்புகளும் விடாமல் கேட்டதன் பலனாக, 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பெயரிலேயே ஆட்டிசம் என்ற சொல் இடம்பெற்றது. பிறகு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையை 21 ஆக்கியது. ஆட்டிசம் அதில் ஒன்று. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம், உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி ஆகியவை இந்தச் சட்டத்திலிருந்து வருபவை.

இங்கிலாந்தில் ஆட்டிசத்துக்கென்றே 2009-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே பல உள்ளாட்சிப் பகுதிகளில் கூட்டு வாரியங்கள் இயங்குகின்றன. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், பெற்றோர், மருத்துவத் துறை, கல்வித் துறை, சமூக நலத் துறை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நம்ம ஊரில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பேசுகிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு மேசை இல்லையே என்று நினைக்கலாம். சட்டப்படி இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அங்கே ஆட்டிசம் குடும்பங்களின் நாற்காலி காலியாக இருப்பதுதான் சிக்கல்.

எந்த மேசையில் என்ன கேட்கலாம்?

குழந்தை சிறியதாக இருந்தால் தொடங்கும் இடம் அங்கன்வாடி. தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது போன்றவற்றைக் கண்டால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இது பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். 18 வயது வரை இங்கே பார்ப்பார்கள்.

பள்ளி வயது வந்துவிட்டால் வட்டார வள மையம், அதாவது பி.ஆர்.சி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கிருந்துதான் செயல்படுகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் இந்தத் திட்டத்தில் உண்டு. பள்ளிக்குள்ளே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிவடைந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் தர வேண்டும். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் அந்தப் பிரிவில் வருகிறார்கள். ஆகவே அந்தக் குழுவில் இடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதே இல்லை.

சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் போடுவது சுலபம். அடுத்த கட்டமான மதிப்பீட்டில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் பயன்படும் அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. பெற்றோரிடம் விவரம் கேட்க வேண்டும், பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும், அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. மூன்று மணி நேரம் கூட்ட நெரிசலில் காத்திருந்து, அழுது, களைத்துப்போன பிள்ளையை அந்த நிலையில் அளந்தால் வருகிற எண் எவ்வளவு சரியாக இருக்கும்? அந்த எண்ணை வைத்துத்தான் சதவீதம் முடிவாகிறது. அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

இங்கேதான் ஒரு குழு பைசா செலவில்லாமல் பெரிய மாற்றத்தைக் கேட்டு வாங்க முடியும். "ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அன்றைய முதல் டோக்கன் கொடுங்கள். அல்லது குறித்த நேரம் சொல்லுங்கள், அப்போது வருகிறோம். காத்திருக்க ஓர் அமைதியான அறை இருந்தால் போதும்." கட்டடம் வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மனது வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும். தனி ஒருவர் கேட்டால் சலுகை கேட்பது போலத் தோன்றும். குழுவாகக் கேட்டால் அது நடைமுறை.

குழு என்றால் எத்தனை பேர்?

ஐந்து குடும்பம் போதும். ஆரம்பத்தில் அதற்கு மேல் வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். எங்கே தேடுவது என்றால், இடையீட்டு மையத்தின் பெஞ்சில், பி.ஆர்.சி.யில் பயிற்சி நடக்கும் நாளில், சிறப்புப் பள்ளி வாசலில். பயிற்சி முடியும்வரை வெளியே உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் ஏற்கெனவே பாதிக் குழுதான். ஒருவருக்கொருவர் போன் எண் வாங்கிக்கொள்வது மட்டும்தான் பாக்கி.

கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்யாமல் கூட்டத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அதைச் செய்யாததால்தான் பல குழுக்கள் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கன்வாடி மையம், நூலகம், சமுதாயக்கூடம் என்று எங்கே வேண்டுமானாலும் கூடலாம். மைக் வேண்டாம், கைதட்டல்கூட வேண்டாம், பல பிள்ளைகளுக்கு அது ஆகாது. அப்பாக்களையும் வரச் சொல்லுங்கள். அலைச்சல் முழுக்க அம்மாக்கள் தலையிலும், மனுவில் கையெழுத்து மட்டும் அப்பாக்களுக்கும் என்று பிரித்துக்கொண்டால் குழு சீக்கிரமே களைத்துப்போகும். அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளும் வரட்டும். நாளைக்குப் பொறுப்பு அவர்களிடம்தான் வரப்போகிறது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் அந்தப் பகுதியில் இருந்தால் அவர்களை அவசியம் சேர்க்க வேண்டும். அவர்கள் சொல்வது சில சமயம் பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும். "கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தினது எனக்கு வேதனையாக இருந்தது" என்று ஒருவர் சொன்னால், அதையே பயிற்சியாக வீட்டில் செய்துகொண்டிருக்கிற அம்மாவுக்கு முகம் மாறத்தான் செய்யும். ஆனால் உங்கள் பிள்ளை பதினைந்து வருடம் கழித்துச் சொல்லப்போவதை இன்றைக்கே சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை. வாய்ப்பேச்சு இல்லாதவர்களும் பேசலாம். படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் இயங்குகிறது. அவர்கள் விரல் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழு நிச்சயம் வரும். வந்தவுடனே சில விஷயங்களை முடிவு செய்துகொள்வது நல்லது. ஆதார், அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் படங்களைக் குழுவில் போடக் கூடாது. பிள்ளை அழுது புரளும் வீடியோவைப் போட்டு ஆலோசனை கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டு, ஃபார்வர்டு ஆனால் திரும்ப வராது. மூன்றாவது, 'முழுவதும் குணமாகிவிடும்' என்று வருகிற விளம்பரங்கள். ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் லட்சக்கணக்கில் செலவழித்த குடும்பங்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் குழுவில் இதைச் சொன்னால் அதுவே பெரிய சேவை.

பதிவு செய்ய வேண்டுமா? உடனே வேண்டாம். வேலை தொடங்கி ஓர் ஆண்டு ஓடிய பிறகு பார்க்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிய ஏழு பேர் வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு சுய உதவிக் குழுவை ஐந்து பேரை வைத்தே தொடங்கலாம், அதில் ஆண்களும் உறுப்பினராகலாம். ஆட்டிசம் உள்ளவருக்குப் பதிலாகப் பெற்றோர் உறுப்பினராக முடியுமா என்பதை மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை

முதல் கூட்டத்தில் எல்லாருடைய ஆதங்கமும் கொட்டும். கொட்டட்டும். அதை அப்படியே மனுவாக்கினால் பதினெட்டுக் கோரிக்கை வரும், பதினெட்டும் பதினெட்டுத் துறைக்குப் போகும். ஒன்றும் நகராது.

அதற்குப் பதில் ஒரு கணக்கெடுப்பு செய்யுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வயது, எந்த ஊர், எந்தச் சேவை எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது. இவ்வளவுதான், பெயர்கூட வேண்டாம். ஒரு தாளில் எழுதினால் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற தடை கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சீக்கிரம் முடியக்கூடியதாகவும் அது இருந்தால் நல்லது. முதல் கோரிக்கை ஜெயித்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 'நடவடிக்கை எடுக்கிறோம்' என்று சொன்னால், யார், எப்போதைக்குள் என்று பணிவாகக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன தேதியில் திரும்பப் போங்கள். கோபத்தோடு போக வேண்டியதில்லை, ஆனால் போயே ஆக வேண்டும். முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் பதிந்தால் அந்த எண்ணையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு முக்கியம். அலுவலர்கள் இடமாற்றம் ஆவார்கள், அது நிர்வாகத்தில் இயல்பு. புதிதாக வருபவருக்கு உங்கள் ஒன்றியத்தில் என்ன பேசி முடித்தோம் என்று காட்ட அந்த நோட்டுதான் இருக்கும். புது அலுவலர் பொறுப்பேற்ற இரண்டாவது வாரத்தில் குழுவாகப் போய்ப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

துறை சார்ந்த கோரிக்கையே எப்போதும் வேண்டும் என்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியே நடந்து போய்விடுவார்கள். நிறையப் பேருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. கிராமத்தில் திறந்த கிணறும் குட்டையும் எவ்வளவு ஆபத்து என்று அந்த வீட்டாருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கைவிடப்பட்ட கிணற்றுக்கு மூடி, குளத்தருகே தடுப்பு என்று ஊராட்சியில் கேட்கலாம். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, காவல் நிலையம் மூன்று இடத்திலும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பிள்ளையின் படத்தையும் வீட்டு போன் எண்ணையும் காவல் நிலையத்தில் நேரில் கொடுத்து, "பெயர் கேட்டால் சொல்ல மாட்டான், தொட்டால் பயப்படுவான், தண்ணீர் இருக்கும் இடத்தில் முதலில் தேடுங்கள்" என்று நான்கு வரி எழுதிக்கொடுத்தால், தேவைப்படும் நாளில் அது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். காணாமல் போனால் உடனே 112, குழந்தைகளுக்கு 1098. இதை ஒரு குடும்பம் செய்தால் ஒரு பிள்ளை பத்திரமாக இருக்கும். குழுவாகச் செய்தால் அந்த நிலையத்தில் பணியாற்றும் எல்லாருக்கும் ஆட்டிசம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

18 வயதுக்குப் பிறகு

பெற்றோர் கூடும் எந்த இடத்திலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, "எங்களுக்குப் பிறகு யாரு?" என்பதுதான்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: மகனுக்கோ மகளுக்கோ 18 வயது முடிந்தால் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கிக் கணக்கு, சொத்து போன்ற இடங்களில் இது திடீரென்று தடையாக வந்து நிற்கும். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்பது அதன் அமைப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாதுகாவலர் நியமனம் இந்தக் குழுவில்தான் நடக்கும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தினாலோ, பராமரிக்காமல் விட்டாலோ பாதுகாவலரை நீக்கக் கேட்கலாம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் பாதுகாவலர் தேவையில்லை. தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவருக்கு அதை நியமிப்பது அவருடைய உரிமையைப் பறிப்பதாகிவிடும். 2016 சட்டம் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்கிற வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையைத்தான் பேசுகிறது. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதைக் குழுவாக, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக் கேட்டுவிட்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் விளங்கும்.

உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கடந்த ஓராண்டில் எத்தனை கூட்டம், எந்தெந்தத் தேதி, நிலுவையில் எத்தனை விண்ணப்பம் என்ற மூன்று கேள்வி போதும். 2016 சட்டத்தின் 72-வது பிரிவில் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழு என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றியும் அதே தாளில் கேட்டுவிடலாம்.

அதே தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் அதில் ஒரு பகுதி கிடைக்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்துபோவதுதான் வழக்கம். குழுவில் ஒருவர் அந்தத் தேதியை நினைவூட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

குழுவுக்குள் வரும் பிளவுகள்

வரும். "உங்க பையன்தான் பேசுறானே, உங்களுக்கு என்ன கஷ்டம்" என்ற ஒரு வாக்கியம் போதும். லேசானது, தீவிரமானது என்று பெற்றோரே பிரிந்துவிடுவார்கள். காரில் வருகிறவர், இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்ற வித்தியாசமும் இருக்கும். கூட்ட நேரத்தை முடிவு செய்யும்போது கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பஸ் கட்டணத்தைக் குழுவே கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அலுவலரிடம் பேசப் போகும்போது எப்போதும் நன்றாகப் பேசுகிற அதே இரண்டு பேர் போகாமல், மாற்றி மாற்றிப் போவது அவசியம். பேசிப் பழகினால்தான் பேச்சு வரும், பிள்ளைகளுக்குச் சொல்வதுதான், நமக்கும்.

மற்ற மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து நிற்பதிலும் பலன் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உங்கள் பகுதியில் அப்படி வருபவர் பார்வைக் குறைபாடு உள்ளவராகவோ, சக்கர நாற்காலி பயன்படுத்துபவராகவோ இருக்கலாம். ஆட்டிசம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரைச் சந்தித்து விளக்குவது குழுவின் வேலை. சாய்தளத்துக்கு அவர் கேட்கும்போது நீங்கள் கூட நிற்பதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. இந்த ஆறில் அடுத்து வருவது எது என்று போன் காலண்டரில் இப்போதே குறித்து, பத்து நாள் முன்னதாக ஒரு நினைவூட்டலும் வைத்துவிடுங்கள். அந்தப் பத்து நாளுக்குள் குழு ஒருமுறை கூடி, எந்த ஒரு கோரிக்கையைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்வது, யார் எழுந்து பேசுவது, அந்த நேரத்தில் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ளலாம்.